படலையில் நிற்கும் குரல்

2022 பங்குனி 31, இரவு

இன்று 13 மணிநேரம் மின்வெட்டு. நாடு முழுவதற்கும்தான். ஒழுங்கையில் ஜெனரேற்றர் உள்ள இரண்டு வீட்டுக்காரரும் டீசலை மிச்சம் பிடிக்கிறார்கள் போலும், எட்டு மணிக்கே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வீட்டுக் கைக்குழந்தை புழுக்கத்தில் சிணுங்குகிறது. தாய் விசுக்குகிற ஓலை விசிறியின் சத்தம்கூட இங்கே கேட்கிறது. ஊரே நொந்துகொள்கிற இந்த இரவுக்காக நான் மூன்று நாளாகக் காத்திருந்தேன். அதை நினைக்க மனம் கூசுகிறது.

சரியாகச் சொன்னால் எனக்கு வேண்டியிருந்தது 50 ஹேர்ட்ஸ் இல்லாத ஓர் அறை. சுவருக்குள் ஓடும் கம்பிகளில் மின்சாரம் உள்ளவரை அவற்றைச் சுற்றிய காந்தப்புலம் விநாடிக்கு 50 தடவை போய்வந்துகொண்டே இருக்கும். கசெற்றை வாசிக்கும் தலை காந்தப்புலத்தை உணர்வதற்கென்றே செய்யப்பட்டது. நாடாவில் உள்ள காந்தம் எது, சுவரில் உள்ளது எது என்று அதற்குத் தெரியாது. எத்தனை தகடு சுற்றி மூடினாலும் அடியில் ஒரு முனகல் மிஞ்சும். இன்று மாலை மின்சாரம் போன கணத்தில், காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அந்த முனகல் வெட்டினாற்போல நின்றது. நான் சிறிது நேரம் ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருந்து அந்த இன்மையைக் கேட்டேன்.

மேசையில் ஒரு பழைய பிஸ்கற் ரின். இரும்புத் தகடு என்பதால் கொஞ்சம் காந்தத்தை மறிக்கும். அதற்குள் ஒரு சிறு பலகை, சில தடையிகள், கொள்ளளவிகள், கறுப்பாய் மும்மூன்று காலோடு இரண்டு திரான்சிற்றர்கள். பக்கத்தில் 12 வோல்ற்று பற்றறி. மூடி கழற்றிய ஒரு கசெற் டெக். அதன் அருகே, இந்த வேலைக்கெல்லாம் காரணமான கசெற்.

*

அண்ணா போன வருடம் ஸ்காபரோவில் காலமானார். அண்ணி அனுப்பிய பெட்டியில் அவருடைய சால்வைக்குள் சுற்றி இது இருந்தது. உறையில் அம்மாவின் கையெழுத்து: பெரியவனுக்கு, 93 ஆவணி.

கடிதத்துக்குப் பதிலாகக் குரலை அனுப்பிய காலம் அது. வாசிக்கவும் எழுதவும் அலுத்தவர்கள் மட்டுமில்லை, நன்றாக எழுதத் தெரிந்த அம்மாவும் குரலைத்தான் விரும்பினா. எழுத்தைப் பார்த்து அவன் என்னை எப்படி நம்புவான், சுகமாக இருக்கிறன் எண்டு எவரும் எழுதலாம்தானே என்பா. கசெற்றை யாராவது பயணக்காரரிடம் கொடுக்கவேண்டும். அவர் இரவில் கிளாலிக் கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்து, வவுனியா போய், கொழும்பில் தபாலில் சேர்க்கவேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று தெரிய மாதங்கள் ஆகும். இது போய்ச் சேர்ந்திருக்கிறது.

1990 ஆனியில் போர் மறுபடி மூண்டதோடு எங்களுக்கு மின்சாரம் நின்றது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. உள்ள பற்றறிகளை வெயிலில் காயவைப்போம், துளை போட்டு உப்புத் தண்ணீர் விடுவோம், அதுவும் ஓய்ந்தபிறகு சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக் கையால் மிதியைச் சுற்றுவது. தமிழோசையும் வெரித்தாஸும் அப்படித்தான் கேட்டோம். ஒருவர் சுற்ற, ஐந்தாறு பேர் றேடியோவைச் சுற்றி இருப்பார்கள். சுற்றுகிறவருக்குத்தான் செய்தி ஒழுங்காகக் கேட்காது, சங்கிலிச் சத்தம் அவருடைய காதருகே.

டைனமோ தருவது 6 வோல்ற்று ஆடலோட்டம். றெக்கோடருக்கு நேரோட்டம் வேண்டும். நான்கு இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் வைத்து அந்த மாற்றியைச் செய்தவன் நான். உயர்தரத்துக்குப் படித்து முடித்திருந்தேன், பல்கலைக்கழகம் திறக்கக் காத்திருந்தேன். கையில் கிடைத்த ஆகப் பெரிய கொள்ளளவி 470 மைக்ரோபரட். அது போதாது என்று எனக்கு அன்றே தெரியும். 2,200 இருந்திருந்தால் ஓட்டத்தின் அலையை இன்னும் நன்றாகத் தணித்திருக்கலாம். பழைய றேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய அந்த ஒன்றுதான் இருந்தது. இந்தக் கணக்கு 29 வருடமாக என்னோடு இருக்கிறது.

*

எங்கள் பாடப்புத்தகங்களில் தருக்கப் படலை என்று ஒரு சொல் இருக்கிறது. யார் முதலில் அப்படி எழுதினாரோ, நல்ல காதுள்ளவர். பெரிய இரும்புக் கதவோ கோயில் வாசலோ அவருக்குத் தோன்றவில்லை. கிடுகு வேலிக்கு நடுவே, பனைமட்டை வரிந்து கட்டிய, கால் பெருவிரலால் தள்ளினாலும் திறக்கிற படலை தோன்றியிருக்கிறது. வகுப்பில் சந்திப் புலவிளைவுத் திரான்சிற்றருக்கு வரும்போதும் அந்த நடு முனையை நான் படலை என்றே சொல்வேன். பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

சிலிக்கனில் ஒரு வாய்க்கால். ஒரு முனையில் இலத்திரன்கள் புறப்படுகின்றன, மறுமுனையில் வடிகின்றன. வாய்க்காலின் பக்கத்தில் எதிர்வகைக் குறைகடத்தியால் ஆன படலை. இந்தப் படலை இயல்பில் திறந்தே கிடக்கும். அதற்கு மறை வோல்ற்றளவு கொடுக்கக் கொடுக்க, சந்தியை ஒட்டி ஏற்றம் வற்றிய பகுதி ஒன்று அகன்று வாய்க்காலை நெருக்கும். மண்வெட்டியால் இரு கரையிலும் மண் இழுத்துவிட்டால் தண்ணீர் மெலிவதுபோல. 1952இல் ஷொக்லி இதைக் காகிதத்தில் கண்டார். அடுத்த வருடமே டேசியும் றொஸும் செய்து காட்டினார்கள்.

முக்கியமான விஷயம் இனித்தான். படலைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே உள்ள சந்தி எப்போதும் பின்முகமாகவே கோடலுற்றிருக்கும். அதனால் படலைக்குள் ஓட்டம் ஏறக்குறைய இல்லை. நல்ல திரான்சிற்றரில் ஒரு பிக்கோ அம்பியர், சில பிக்கோ அம்பியர். அம்பியரின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. வந்த சமிக்ஞை வாசலிலேயே நிற்கிறது. உள்ளே வருவதில்லை. அது நிற்கிற நிலையைப் பார்த்து உள்ளே ஓடுகிற பெரிய ஓட்டம் தன்னைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது.

சாதாரண இருமுனைவுத் திரான்சிற்றர் அப்படியில்லை. வந்தவரிடமிருந்து கொஞ்சம் வாங்கித்தான் அது வேலை செய்யும். அதன் அடிமுனைக்கு ஓட்டம் வேண்டும். வசதியானவர் வந்தால் அது பிழையில்லை. மெலிந்தவர் வந்தால், கேட்டதைக் கொடுத்த கையோடு சோர்ந்துவிடுவார், அவர் சொல்லவந்தது கேளாமலே போய்விடும்.

பழைய யாழ்ப்பாண வீடுகளில் சங்கடப் படலை இருந்தது. படலைக்கு மேல் சின்னக் கூரை, இருக்கத் திண்ணை, குடிக்கத் தண்ணீர்ப் பானை. வழிப்போக்கன் உள்ளே வரவேண்டியதில்லை, பெயர் சொல்லவேண்டியதில்லை. வீட்டுக்காரர் அவனிடம் ஒன்றும் எடுக்கமாட்டார். ஆனால் ஒருவர் வந்து நிற்கிறார் என்பது அடுப்படிவரை தெரியும். இந்தத் திரான்சிற்றரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூரை நினைவுக்கு வரும்.

இன்னொன்றும் உண்டு. அம்மா கதைத்த அந்த றெக்கோடரின் உள்மைக்கைப் பிற்பாடு நான் கழற்றிப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவுக் குப்பி. உள்ளே நிரந்தரமாக ஏற்றம் பிடித்துவைத்த ஒரு மென்தாள், அதற்குப் பின்னால் ஒரு சந்திப் புலவிளைவுத் திரான்சிற்றர். 1962இல் பெல் ஆய்வுகூடத்தில் செஸ்லரும் வெஸ்ற்றும் உருவாக்கிய மைக் வகை அது. மூச்சில் அசையும் அந்தத் தாள் தரக்கூடிய மின்னேற்றம் மிகச் சொற்பம். ஒன்றும் கேட்காத ஒரு படலையைத் தவிர வேறு எதன் முன்னும் அது நிற்கமுடியாது. ஆகவே அம்மாவின் குரல் 1993இல் நாடாவுக்குள் போனதும் இப்படியான ஒரு படலை வழியாகத்தான். இப்போது வெளியே வருவதும் அப்படித்தான் வரட்டும் என்று எண்ணினேன்.

*

சித்திரை 3

இரைச்சல் பற்றி.

எந்தத் தடையியும், யாரும் தொடாமல் சும்மா கிடந்தாலும், தன் சூட்டினாலேயே இரையும். 1928இல் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன்சன் அளந்து காட்டினார். அதே கூடத்தில் இருந்த நைகுவிஸ்ற் ஏன் என்று எழுதினார். உள்ளே இலத்திரன்கள் வெப்பத்தில் முட்டி மோதுகின்றன, அந்த நெரிசல் முனைகளில் ஒரு நடுங்கும் வோல்ற்றளவாகத் தெரிகிறது. குறை எதுவும் இல்லாத தடையியிலும் இது இருக்கும். சூடு இருக்கும்வரை இருக்கும்.

பாடப்புத்தகங்கள் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வெப்பநிலை 300 கெல்வின், அதாவது 27 பாகை. குளிர்நாட்டு அறைக்கு அது சற்றுக் கூட. எங்களுக்கு அது மார்கழி. ஆய்வுகூடத்து எண்கள் ஒரு திருத்தமும் இல்லாமல் எங்கள் மழைக்காலத்துக்குப் பொருந்துகின்றன. வருடத்தில் இரண்டு மாதமாவது நாங்கள் சமன்பாட்டுக்குள் வாழ்கிறோம்.

அந்தச் சூட்டில் 1,000 ஓம் தடையி, ஒரு ஹேர்ட்ஸ் அகலமான ஜன்னலால் பார்த்தால், 4 நனோவோல்ற்று இரையும். வோல்ற்றின் நூறு கோடியில் நான்கு பங்கு. என்னுடைய டெக்கின் வாசிப்புத் தலைக்குள் சுற்றியிருக்கும் கம்பியின் தடை 250 ஓம். ஆகவே தலை தானாகவே 2 நனோவோல்ற்று இரைகிறது. அதற்குப் பின்னால் வைக்கிற விரியலாக்கி அதைவிடத் தெளிவாகக் குறைந்து இரையவேண்டும். நான் வைத்திருக்கும் 2எஸ்கே170 என்ற தோஷிபாத் திரான்சிற்றர் ஒன்று தருவது 0.95 நனோவோல்ற்று. இரண்டும் சேர்ந்தால் மூன்றாகிவிடாது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரைச்சல்கள் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள்போலக் கூடும். வருவது 2.2 சொச்சம். அப்படி ஒரே மாதிரி இரண்டு திரான்சிற்றரைச் சமாந்தரமாக வைத்தால் 0.67 ஆக இறங்கும். நான்கு வைத்தால் பாதி. பதினாறு வைத்தால் கால். ஒவ்வொரு படிக்கும் விலை நான்கு மடங்கு. இரண்டோடு நின்றேன்.

நல்ல இருமுனைவுத் திரான்சிற்றர்களும் வோல்ற்றளவு இரைச்சலில் இவ்வளவு அமைதியானவை, சில இதிலும் அமைதியானவை. அவற்றின் சிக்கல் அடிமுனை ஓட்டம். அது துளித்துளியாக விழுகிற ஓட்டம், ஓட்டுக் கூரையில் மழைபோல. துளிகளின் சத்தம் தலையின் தடங்கலில் பெருகும். கசெற் தலைக்குள் நூறு மில்லிஹென்றி அளவில் ஒரு சுருள் உண்டு. 1,000 ஹேர்ட்ஸில் அதன் தடங்கல் 600 ஓம் சொச்சம், 10,000 ஹேர்ட்ஸில் ஆறாயிரத்தைத் தாண்டும். மேல் மீடிறன்களில், சகர ஒலியும் மூச்சும் இருக்கிற இடத்தில், அந்த மழை சத்தம் போட்டுவிடும். படலைக்குள் ஒழுகும் ஓட்டம் அதோடு ஒப்பிட இல்லையென்றே சொல்லலாம்.

இதனால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. தலையை ஒரு கொள்ளளவியும் நடுவில் இல்லாமல் நேராகப் படலையில் தொடுக்கலாம். அடிமுனை ஓட்டம் தலைக்குள் பாய்ந்தால் தலை மெல்ல மெல்லக் காந்தமாகும். காந்தமான தலை தான் வாசிக்கும் நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அம்மாவின் சொற்களில் ஓர் ஓரம் தேயும். அந்தப் பயம் இந்த அமைப்பில் இல்லை. எனக்கு வேறு எந்த எண்ணைவிடவும் இதுதான் முக்கியமாக இருந்தது.

*

திரான்சிற்றர் தெரிவு செய்தது போன மாதம். 2எஸ்கே170ஐத் தோஷிபா நிறுத்திப் பல வருடம். கலிபோர்னியாவில் லீனியர் சிஸ்ரம்ஸ் அதற்கு நிகராக எல்எஸ்கே170 செய்கிறார்கள், என் கைக்கு அது எட்டவில்லை. அதே எண் பொறித்த போலிகள் நிறைய உலவுகின்றன. நான் நம்பியது பழைய யப்பான் அம்பிளிபயர் பலகைகளை. கழற்றி, பழைய ஈயத்தை உறிஞ்சி, காலைத் துடைத்து, ஒவ்வொன்றாக.

சோதிக்கும் முறை எளிது. படலையையும் ஓட்டம் புறப்படும் முனையையும் ஒன்றாகச் சேர்த்து, 9 வோல்ற்று பற்றறியோடு மீற்றரைத் தொடராக வைத்தால், படலை முழுக்கத் திறந்திருக்கும்போது எவ்வளவு ஓடும் என்று தெரியும். ஒரே தொகுதியில் வந்தவையும் ஒன்றுக்கொன்று ஒவ்வாது. அதனால்தான் தோஷிபாவே அவற்றை மூன்று வகுப்பாகப் பிரித்து விற்றது: 2.6 முதல் 6.5 மில்லியம்பியர்வரை ஒன்று, 6 முதல் 12 ஒன்று, 10 முதல் 20 ஒன்று. என்னிடம் பதினொன்று இருந்தன. எண்ணை எழுதி, சின்னத் தாள் துண்டோடு ஒவ்வொன்றையும் தெர்மோகோலில் குத்தி வைத்தேன். 7.2 ஒன்று, 7.4 ஒன்று. அவைதான் சோடி.

விரல் பட்டால் எண் இறங்கும். மூச்சுக் காற்றுப் பட்டாலும் இறங்கும். சூட்டில் இலத்திரன்களின் நடை தளர்கிறது. அதனால் தொட்டபிறகு ஆறவிட்டு, முகத்தை விலக்கி, மூச்சைப் பிடித்துப் பார்க்கவேண்டியிருந்தது. மகள் வந்து நின்று, அப்பா என்ன கும்பிடுறீங்களோ என்று கேட்டாள்.

உப்புக்காற்றைச் சொல்லாமல் விடக்கூடாது. எங்கள் வீட்டிலிருந்து கடல் ஒன்றரைக் கட்டை. சோளகம் வீசும் மாதங்களில் சைக்கிள் கம்பியே ஒரு கிழமையில் துருவேறும். பலகையில் படியும் ஈர உப்பு ஒரு கண்ணுக்குத் தெரியாத தடையி. கோடிக்கணக்கான ஓம் தடை வேண்டிய இடத்தில் அது சில இலட்சத்தில் வந்து உட்கார்ந்துவிடும். தலை போன்ற தடை குறைந்த மூலத்துக்கு இது பெரிய விஷயமில்லை. மைக்குக்கோ வெறுங்கம்பிக்கோ இது வாழ்வும் சாவும். மதுசாரத்தால் கழுவி, காயவிட்டு, படலைக் காலைப் பலகையில் படவிடாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு ஒட்டுவது நான் கைக்கொள்ளும் வழி.

*

சித்திரை 5

ஒழுங்கையால் நடந்து வரும்போது தோன்றியது.

மீடிறன் இறங்க இறங்கப் பெருகும் ஓர் இரைச்சல் இருக்கிறது. சிலிக்கனில் அங்கங்கே பொறிகள் உண்டு. போகிற இலத்திரனைப் பிடித்து, தமக்கு இஷ்டமான நேரத்தில் விடும். சில உடனே விடும், சில வெகுநேரம் வைத்திருக்கும். பொறிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேதான், சிலிக்கனும் அதன் ஒட்சைட்டும் சந்திக்கும் எல்லையில். இன்று எல்லாக் கணினிகளிலும் உள்ள மற்ற வகைப் புலவிளைவுத் திரான்சிற்றரில் ஓட்டம் அந்த எல்லையை உரசிக்கொண்டே போகிறது. முட்கிளுவை வேலியோடு ஒட்டி நடப்பவரின் சால்வை முள்ளுக்கு முள் மாட்டுவதுபோல. சந்தி வகையில் வாய்க்கால் உள்ளே, உடலுக்குள் புதைந்திருக்கிறது. ஒழுங்கையின் நடுவால் நடக்கிறது. அதன் அமைதிக்கு இதுவே பெரிய காரணம்.

2009இல் ஏவிய பிளாங்க் விண்கலத்தின் உயர்மீடிறன் கருவியில், பிரபஞ்சத்தின் ஆதி வெப்பத்தில் மிஞ்சியதை உணர்ந்த உணரிகளுக்கு முதற் படலையாக நின்றவையும் சந்தி வகைதான். உணரிகள் தனிச்சுழிய வெப்பநிலையை நெருங்கிக் குளிர்ந்திருந்தன. திரான்சிற்றர்களை மட்டும் 130 கெல்வின் அளவில் தனியே வைத்திருந்தார்கள், மிகவும் குளிர்ந்தால் சிலிக்கனுக்குள் ஏற்றங்கள் உறைந்துபோகும் என்பதால். அவ்வளவு குளிரிலும் கேட்பதற்குக் கொஞ்சம் சூடு தேவைப்பட்டிருக்கிறது. இதை எழுதிவைத்துவிட்டு நீண்ட நேரம் வேறொன்றும் எழுத வரவில்லை.

*

சித்திரை 6, மின்வெட்டு

கசெற்றைப் போட இன்னும் துணிவு வரவில்லை. தலையைச் சுத்தப்படுத்தினேன், இறப்பர் உருளையைத் துடைத்தேன், நாடாவை அழுத்தும் சிறு பஞ்சு விழுந்திருந்ததைப் புதிதாக ஒட்டினேன். இனிக் காரணம் எதுவும் இல்லை. அதனால் வேறொரு வேலை எடுத்தேன்.

முருங்கையில் மூன்று மீற்றர் கம்பி ஒன்றை எறிந்து, மறுமுனையை ஒரு தனி விரியலாக்கியில் தொடுத்தேன். இதற்கு 2எஸ்கே170 உதவாது. அது பெரிய படலை, அதன் பெய்ப்புக் கொள்ளளவமே 30 பிக்கோபரட். கம்பியின் கொள்ளளவமும் ஏறக்குறைய அவ்வளவுதான். வந்ததில் பாதி படலையை நிரப்பவே போய்விடும். சின்னப் பிஎஃப்245 ஒன்று இருந்தது, அதற்கு நாலைந்து பிக்கோபரட் போதும். வலிய மூலத்துக்குப் பெரிய படலை, மெலிந்ததற்குச் சிறிது. அளவு பார்த்துத்தான் வைக்கவேண்டும்.

கம்பி முனையில் 1,000 ஹேர்ட்ஸில் 50 இலட்சம் ஓம் தடங்கல். அதனால் படலையில் வைக்கும் தடையி அதைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். முதலில் படிக்கிறவருக்கு இது பொருந்தாததுபோலத் தோன்றும்: பெரிய தடையி கூடுதலாக அல்லவா இரையும்? தனியாக இருந்தால் இரையும். பக்கத்தில் கொள்ளளவம் இருந்தால், அதன் இரைச்சல் எல்லாம் கீழ் மீடிறன்களில் ஒதுங்கி, நமக்கு வேண்டிய இடம் வெளித்துவிடும். தடையியைப் பத்து மடங்காக்கினால் அந்த இடத்தின் இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகும். மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் நிறுவிக் காட்டிய நாட்களில் எனக்குள்ள நிறைவு வேறு.

ஒன்பதரை மணிக்குக் கேட்டது. முதலில் சோளம் பொரிவதுபோல. மின்னல்கள். எங்கேயோ தெற்கில், வங்காள விரிகுடாவில், அதற்கும் அப்பால். நல்ல இருட்டியபிறகு அந்தப் பொரிகளுக்கு நடுவே சில, இறுகக் கட்டிய கம்பியைச் சுண்டினாற்போல ஒரு சிறு கணீர். மின்னலின் அலை பூமிக்கும், 90 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள அயன் மண்டலத்துக்கும் நடுவே மோதி மோதி வருகிறது. அந்த இடைவெளிக்குள் 1,700 ஹேர்ட்ஸுக்குக் கீழ் அப்படிப் பயணிக்கமுடியாது. அந்த விளிம்பை அடையும்போது வரும் ஒலி அது. வானத்தின் உயரம் காதுக்குக் கேட்கிறது. மகளைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். அவள் ஹெட்போனைத் திருப்பித் தரவில்லை.

மடிக்கணினித் திரையில், என் வயதுக்குக் கேளாத 18,200 ஹேர்ட்ஸில், ஓர் உறுதியான கோடு. திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்தில் உள்ள இந்தியக் கடற்படை நிலையம், கட்டபொம்மன் பெயரில் இயங்குவது. கடலுக்கடியில் இருக்கும் கப்பல்களோடு கதைக்கிறது. 1990இல் தொடங்கியது. எங்கள் விளக்கு அணைந்த அதே வருடம். குப்பி விளக்கும், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்த விளக்கும் எரிந்த அந்த ஐந்தாறு வருட இரவுகளில், 50 ஹேர்ட்ஸ் சுத்தமாக இல்லாத வலிகாமத்து முற்றம் ஒன்றில், இப்படி ஒரு கம்பியும் ஒரு பற்றறியும் இருந்திருந்தால் என்னென்ன கேட்டிருக்கும். பற்றறி இல்லை. இருந்திருந்தாலும் அப்போது நாங்கள் வானத்தில் காது வைத்தது வேறு சத்தத்துக்காக.

*

சித்திரை 7

போட்டேன்.

முதலில் தலையின் சரிவைத் திருத்தவேண்டியிருந்தது. வேறொரு றெக்கோடரில் பதிந்த நாடா, தலைகள் ஒன்றுக்கொன்று நூலளவு சாய்வாக இருந்தாலே மேல் ஒலிகள் மங்கிவிடும். சின்னத் திருகாணியை மயிரிழையாகத் திருப்பினேன். அம்மாவின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து முன்னே வந்தது. சகரத்தில் காற்று ஏறியது. திருப்புளியைக் கீழே வைத்தேன்.

இரைச்சல் இருக்கத்தான் செய்கிறது. இதில் என்னுடைய திரான்சிற்றரின் பங்கு அற்பம், கிட்டத்தட்ட எல்லாம் நாடாவினுடையது. காந்தத் துகள்கள் ஒழுங்கற்றுப் படிந்திருப்பதன் சத்தம் அது. விரியலாக்கியை இனி எவ்வளவு அமைதியாக்கினாலும் இந்த நாடா இதைவிட அமைதியாகாது. அதை எதிர்பார்த்தே இருந்தேன். நான் எதிர்பார்க்காதது அந்த இரைச்சலுக்குள் தெரிந்த மற்றவை. வேறு டெக்கில் போட்டிருந்தால் 50 ஹேர்ட்ஸ் முனகலின் கீழ் புதைந்து போயிருக்கக்கூடியவை. பக்கத்துக் காணியில் துலாவின் கிறீச்சு. இறைக்கும் இயந்திரங்கள் மண்ணெண்ணெய் இல்லாமல் நின்ற வருடங்களில் துலா மறுபடி வந்திருந்தது. ஒரு காகம். வாளி கல்லில் தட்டும் ஒலி. அம்மா கதைத்தது முற்றத்து மாமரத்தின் கீழ் என்பது இப்போதுதான் தெரிகிறது.

அதோடு அந்தக் கீச்சொலி. 400 ஹேர்ட்ஸைச் சுற்றி, அம்மாவின் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும். 470 மைக்ரோபரட்டால் தணிக்கமுடியாத டைனமோவின் அலை, மைக்குக்குப் போன வோல்ற்றளவிலும் ஏறியிருக்கிறது. என் கைவேலை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற மருமகன் வந்திருந்தான். திரையில் ஒலியை விரித்துக் காட்டினான். மின்வலையமைப்பின் முனகல் பதிந்த நாடா என்றால் கீழே, அடிமட்டம் வைத்துக் கீறினாற்போல நேர்கோடு இருக்கும். இதில் அது இல்லை. அதற்குப் பதிலாக மேலே ஒரு கோடு, எறும்பு ஊர்ந்த தடம்போல, ஏறி இறங்கி. மாமா, இதைப் பின்தொடர்ந்து துடைக்கலாம், ஐந்து நிமிசம் என்றான்.

நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் மிதியைச் சுற்றியது அப்பா. நாடாவில் அப்பாவின் ஒரு சொல்லும் இல்லை. அவர் அப்படித்தான், அண்ணாவோடு கடைசியாகக் கதைத்தது எப்போதென்று எங்களுக்கும் தெரியாது, போகாதே என்று சொல்லியும் அண்ணா போனபிறகு பேச்சில்லை. பத்து நிமிடமும் கோடு சீராக ஓடுகிறது, கமக்காரனின் கை. ஓரிடத்தில், அம்மா சொல்கிறா: நீ இப்ப வரவேண்டாம் மேனை, அங்கையே இரு, எங்களைப் பாக்க எண்டு வெளிக்கிடாதை. அந்த இடத்தில் கோடு இறங்குகிறது. 400இலிருந்து 300க்கும் கீழே. மூன்று விநாடி. றெக்கோடரின் வேகக் கட்டுப்பாடு அதைத் தாங்கியிருக்கிறது, அம்மாவின் குரலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கோடு ஏறுகிறது, முன்பைவிடக் கொஞ்சம் மேலே போய், பழைய உயரத்துக்கு வந்து ஓடுகிறது.

துடைக்கவேண்டாம் என்றேன். அவன் ஏனென்று கேட்கவில்லை.

முடிவில் அப்பா களைத்திருக்கவேண்டும். வேகம் குறையக் குறைய மோட்டரும் தளர்ந்திருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவில் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் மெலிந்து உயர்கிறது. கீச்சொலி உயரவில்லை, மிதியும் நாடாவும் ஒன்றாகவே தளர்ந்ததால் அது இருந்த இடத்திலேயே நிற்கிறது. அதற்கு மேலே அம்மாவின் கடைசி வசனம் ஏறிக்கொண்டே போகிறது. சரி மேனை, வைக்கிறன், கவனமாயிரு. கவனமாயிரு என்பதற்குள் குரல் எட்டு வயதுக்கு வந்துவிட்டது. பிறகு ஒரு சொடுக்கு.

வாசலில் மகள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"ஆரப்பா அந்தச் சின்னப்பிள்ளை?"

"உன்ரை அப்பம்மா."

அவள் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். நான் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றினேன்.